வலிப்பது முதுகு, வேலை வயிற்றுக்கு

இடுப்பு வலி என்று பிசியோதெரபி நிலையத்துக்குப் போய்வந்தவர்களில் பலர் ஒரு மனக்குறையோடு திரும்புவார்கள். "வலிக்கிற இடத்தைத் தொடவே இல்லைங்க. மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றுக்கு எக்சர்சைஸ் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார்." தொப்பையைக் குறைக்க வந்தவன் என்று நினைத்துவிட்டாரோ என்றுகூடச் சிலருக்குச் சந்தேகம். அதே ஆள் சுளுக்கு எடுப்பவரிடம் போனால் கதை வேறு. குப்புறப் படுக்கவைத்து, சூடு காட்டிய தைலத்தை ஊற்றி, விலாவுக்குக் கீழிருந்து பிட்டம்வரை அரை மணி நேரம் நீவிவிடுவார். எழுந்து நிற்கும்போதே உடம்பு லேசாக இருக்கும். வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்து ஒரு தூக்கமும் போட்டால் சுகமோ சுகம். மூன்றாம் நாள் குனிந்து செருப்பு மாட்டும்போது பழைய வலி அதே இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

தொட்ட இடத்தில் கிடைத்த சுகம் ஏன் தங்குவதில்லை? தொடாத வயிற்றுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்?

செகந்திராபாத் லோத்குண்டாவில் இந்தக் கேள்விகளைத் தமிழிலும் கேட்கலாம், தெலுங்கிலும் கேட்கலாம். 1806-இல் உருவான ராணுவக் குடியிருப்பை ஒட்டி வளர்ந்த வட்டாரம் இது. சென்னைப் படைகளோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் தலைமுறைகளாக இருக்கின்றன. திருமலகிரி, லால் பஜார் தாண்டி அல்வாலை நோக்கிப் போகும் ராஜீவ் நெடுஞ்சாலையோரம் காலையில் நின்று பாருங்கள். பைக்கிலேயே ஹைடெக் சிட்டிவரை போய்த் திரும்புகிறவர், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஆட்டோக்காரர், நாள் முழுக்க நின்றபடி வியாபாரம் பார்க்கும் கடைக்காரர் என்று தெலுங்கில் 'நடுமு நொப்பி' எனப்படும் இடுப்பு வலிக்கு ஆள் பஞ்சமே இல்லை. உலகக் கணக்கும் அப்படித்தான். 2020-இல் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாகவும், 2050-இல் அது 84.3 கோடியைத் தொடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்பார்கள். இப்படி அவதிப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு 'இதோ, இதுதான் காரணம்' என்று விரல் வைத்துக் காட்ட எலும்பிலோ நரம்பிலோ எதுவும் அகப்படாது. ஸ்கேனில் 'டிஸ்க் பிதுங்கியிருக்கிறது' என்று வருமே என்பீர்கள். 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதத்தினருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. எண்பது வயதில் 84 சதவீதத்தினருக்கு. நரைமுடியைப் போலப் பாதிக்கு மேல் வயதின் அடையாளம். அதைப் பார்த்துப் பயந்து படுத்துக்கொள்வதால்தான் பலருக்கு வலி நீள்கிறது. இந்த அத்தியாயம் அப்படிக் காரணம் அகப்படாத வலியைப் பற்றியது.

ஒன்பது கிலோவில் மடங்கும் தூண்

கீழ்முதுகில் இருப்பவை ஐந்து முள்ளெலும்புகள். இடையிடையே டிஸ்க்குகள், எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும் தசைநார்கள். பார்த்தால் உறுதியான கட்டுமானம்தான். அந்த உறுதியை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த கீழ்முதுகெலும்பில் தசையை மட்டும் நீக்கிவிட்டு, எலும்பும் டிஸ்க்கும் தசைநாரும் அப்படியே இருக்க, மேலிருந்து சுமை ஏற்றினார்கள். 1992-இல் வந்த முடிவு இது: ஏறத்தாழ ஒன்பது கிலோ சுமையிலேயே அந்தத் தூண் ஒரு பக்கமாக மடங்கிவிட்டது.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் சும்மா நின்றாலே அவர் கீழ்முதுகின் மேல் முப்பது கிலோவுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. இதில் நிரம்பிய கேஸ் சிலிண்டரை வேறு நகர்த்துகிறோம். ஒன்பது கிலோ தாங்குகிற தூண் இதையெல்லாம் தாங்குகிறது என்றால், மீதிச் சுமைக்குப் பொறுப்பு தசைகளுடையது. எலும்பு உடைந்தால்தான் முதுகு கெடும் என்று நினைக்கிறோம். நின்றாலும் நடந்தாலும் முதுகு உங்கள் தசைகளின் தயவில்தான் நிற்கிறது.

எந்தத் தசைகள்? முதுகை ஒட்டி இருப்பவை மட்டும் போதாது. வயிற்றறையை ஓர் அடைத்த பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். மேல்மூடி உதரவிதானம், அடித்தளம் இடுப்புக்கூட்டின் தரைத்தசைகள், பின்சுவர் முதுகெலும்பும் அதை ஒட்டிய தசைகளும், முன்சுவரும் பக்கச்சுவர்களும் வயிற்றுத் தசைகள். பளு தூக்குகிறவர் தூக்குவதற்கு முன் மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குவதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே அழுத்தம் ஏறுகிறது, சுவர்கள் விறைக்கின்றன, பின்சுவரில் இருக்கும் முதுகெலும்பு வளையாமல் நிற்கிறது. முன்சுவர் தொளதொளத்தால் பின்சுவரின் தசைகளே எல்லா வேலையையும் பார்க்க வேண்டும். அவை ஓயாமல் இறுகி நிற்கும். இறுகி நிற்கும் தசை வலிக்கும்.

இந்தச் சுவர்களில் இரண்டு தசைகளுக்கு நமக்குப் பெயர் வேண்டும். வயிற்றுத் தசைகளில் ஆக உள்ளே, விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே குறுக்காகச் சுற்றி ஓடுவதைக் 'கச்சைத் தசை' என்போம். முதுகெலும்பின் இரு பக்கமும், ஒரு முள்ளெலும்பிலிருந்து இன்னொன்றுக்குக் குட்டை குட்டையாகப் பின்னிக்கொண்டு ஏறுவதைப் 'பின்னல் தசை' என்போம். இரண்டையும் கண்ணாடியில் பார்க்க முடியாது. ஜிம்மில் காட்டும் ஆறு கட்டு வயிற்றில் கச்சைத் தசைக்குப் பங்கே கிடையாது.

கையைத் தூக்குவதற்கு முன்பே

1990-களில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் என்ற இருவர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். 15 பேருக்கு முதுகு வலி உண்டு, 15 பேருக்குக் கிடையாது. முப்பது பேரின் வயிற்றுத் தசைகளிலும் மெல்லிய கம்பி மின்முனைகளைச் செருகினார்கள். நின்றபடி, சைகை கிடைத்ததும் கையைச் சட்டென்று தூக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

வலி இல்லாதவர்களிடம், தோள்தசை வேலையைத் தொடங்குவதற்கு நொடியில் நூறில் சில பங்கு முன்பாகவே கச்சைத் தசை இறுகிவிட்டது. கை மேலே போனால் உடம்பின் சமநிலை ஆடும் என்பது மூளைக்குத் தெரியும். ஆட்டம் வருமுன் கச்சையைக் கட்டிவிடுகிறது. வலி உள்ளவர்களிடம் அந்த இறுக்கம் தாமதமாக வந்தது. 1996-இல் இது வெளியானதும் பிசியோதெரபி உலகமே வயிற்றின் பக்கம் திரும்பியது. நம்மூர்ப் பிசியோ உங்களை மல்லாக்கப் படுக்கவைப்பதன் மூலக்கதை இதுதான்.

பின்னல் தசையின் கதை இன்னும் சுவையானது. முதன்முறை முதுகு பிடித்துக்கொண்டவர்களுக்கு, வலித்த பக்கத்தில் அந்தத் தசை இளைத்துப்போயிருப்பதை அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி ஹைட்ஸ் ஸ்கேனில் கண்டார். வலி சில வாரங்களில் தானாகப் போய்விட்டது. இளைத்த தசை தானாகத் தேறவில்லை. 39 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அந்தத் தசையைக் குறிவைத்த பயிற்சி கொடுத்தார். ஓராண்டுக்குள் வலி திரும்ப வந்தவர்கள், பயிற்சி இல்லாத பிரிவில் 84 சதவீதம். பயிற்சி செய்த பிரிவில் 30 சதவீதம். 'வலி போய்விட்டது, இனி எதற்கு எக்சர்சைஸ்' என்று நிறுத்திவிடுகிற நமக்கெல்லாம் இதில் செய்தி உண்டு.

கை பட்டால் என்ன ஆகிறது

இனி அந்தத் தைலக்காரரிடம் வருவோம். 'உள்ளே முடிச்சு விழுந்திருக்கு, உடைச்சுவிடறேன்' என்பார். ஸ்பாவில் கொஞ்சம் படித்தவர் என்றால் 'தசையுறை ஒட்டிக்கிச்சு, இளக்கணும்' என்பார். தசையுறை என்பது தசைகளைப் போர்த்தியிருக்கும் வெண்ணிறச் சவ்வு. கையால் அழுத்தி அதன் உருவத்தை மாற்ற முடியுமா என்று 2008-இல் அமெரிக்காவில் ஒரு குழு கணக்குப் போட்டது. தொடையிலும் பாதத்திலும் உள்ள கெட்டியான தசையுறையை ஒரே ஒரு சதவீதம் நசுக்கவே மனிதக் கை தரமுடியாத அளவு விசை வேண்டியிருந்தது. ஆக, உடைப்பதும் இளக்குவதும் பெரும்பாலும் பேச்சளவில்.

அப்படியானால் அந்தச் சுகம் பொய்யா? சுகம் மெய்தான், அது நடக்கும் இடம் வேறு. அடிபட்ட முழங்காலை நாம் எதற்குத் தேய்க்கிறோம்? 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுதலையும் அழுத்தத்தையும் சுமந்து வரும் நரம்பிழைகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியின் வழியை அடைத்துவிடுகின்றன என்பது அதன் சாரம். 'வாயில் கோட்பாடு' என்று பெயர். அதன் நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டன. வலி என்பது நேராக மேலே போகும் செய்தி இல்லை, வழியிலேயே அதைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. நீவிவிடும்போது உடம்பு பதற்றம் தணிந்து தளர்வதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

சியாட்டிலில் நடந்து 2011-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இந்த எண்ணத்துக்கு வலு சேர்த்தது. நாள்பட்ட முதுகு வலி உள்ள 401 பேர். ஒரு பிரிவுக்குத் தசையின் அமைப்பைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் நுட்பமான மசாஜ், இன்னொரு பிரிவுக்கு உடம்பைத் தளர்த்தும் சாதாரண மசாஜ், மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான மருத்துவம். வாரம் ஒருமுறை, பத்து வாரம். முடிவில் மசாஜ் பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் 'வலி வெகுவாகக் குறைந்தது அல்லது போயேவிட்டது' என்றார்கள். வழக்கமான மருத்துவத்தில் இருபத்தைந்தில் ஒருவர்தான் அப்படிச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், நுட்ப மசாஜும் சாதாரண மசாஜும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தந்தன. உள்ளே எதையோ உடைப்பதால்தான் பலன் என்றால் இப்படி நடந்திருக்காது. ஆறு மாதம்வரை பலன் தெரிந்தது. ஓராண்டில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

கேரளத்துச் செவிலியர்கள்

வலியைக் குறைக்கும் கை, தசையைத் தேற்றும் பயிற்சி. இரண்டையும் சேர்த்தால்? இந்தக் கேள்வியை நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் கேட்டிருக்கிறார். அஜிம்சாவும் அவருடைய சகாக்களும் கேரளத்தில் ஒரு லாபநோக்கற்ற ஆராய்ச்சி அமைப்பின் மருத்துவ மையத்தில் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. எடுத்துக்கொண்டவர்கள் நாள்பட்ட முதுகு வலியோடு வேலைபார்க்கும் 80 செவிலியர்கள்.

ஆளைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஒரு புத்திசாலித்தனம் தெரிகிறது. செவிலியர் வேலையில் முதுகுக்கு ஓய்வு கிடையாது. நோயாளியைப் புரட்ட வேண்டும், கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே தாங்கிப் பிடிக்க வேண்டும், ஊசி போடக் குனிந்தே நிற்க வேண்டும். 'எடை தூக்காதீங்க, குனியாதீங்க' என்று டாக்டர் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். வேலையை மாற்ற முடியாத ஒருவருக்கு என்ன செய்யலாம் என்பதுதான் லோத்குண்டா ஆட்டோக்காரருக்கும் உரிய கேள்வி.

எல்லோருக்கும் முதுகுக்கான பயிற்சிகள் உண்டு. ஒரு பிரிவுக்கு அதோடு, தசையுறையில் மெதுவாக ஆழ்ந்து அழுத்தி நீவும் கைமுறைச் சிகிச்சை. மற்றப் பிரிவுக்கு அதே பயிற்சியோடு போலிச் சிகிச்சை, அதாவது கை படும், முறையான அழுத்தம் இருக்காது. வாரம் மூன்று முறை, எட்டு வாரம், மொத்தம் 24 அமர்வுகள். பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பன்னிரண்டாவது வாரத்தில் மறுபடி அளந்தார்கள்.

எதை வைத்து அளந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலியை அளக்க ஒரு சொற்பட்டியல். வாயில் கோட்பாட்டின் அதே மெல்சாக் 1975-இல் உருவாக்கியது. 'துடிக்கிற', 'குத்துகிற', 'எரிகிற' என்ற வகையில் 78 சொற்கள். தன் வலிக்குப் பொருந்துவதை நோயாளி பொறுக்குவார். முடக்கத்தை அளக்க இன்னொரு பட்டியல். கனடாவின் கியூபெக்கில் பிறந்தது. படுக்கையிலிருந்து எழுவது, மாடிப்படி ஏறுவது, இரண்டு பை மளிகையைச் சுமப்பது என்று இருபது வேலைகள். ஒவ்வொன்றும் எவ்வளவு சிரமம் என்று 0 முதல் 5 வரை மதிப்பெண். எல்லாமே முடியாது என்றால் 100. அந்த இருபதில் ஒன்று படுக்கை விரிப்பது. செவிலியருக்கு அது கேள்வித்தாளில் வரும் ஒரு வரி மட்டும் கிடையாது, அன்றாட வேலை.

எட்டாவது வாரத்தில், கைமுறையும் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு வலி 53.3 சதவீதம் குறைந்திருந்தது. பயிற்சியும் போலியும் பெற்றவர்களுக்கு 26.1 சதவீதம். முடக்கம் முந்தையவர்களுக்கு 29.7 சதவீதமும் பிந்தையவர்களுக்கு 9.8 சதவீதமும் குறைந்தது. சதவீதத்தை ஓர் ஆளாக்கிப் பார்ப்போம். முடக்கப் பட்டியலில் 40 மதிப்பெண்ணோடு தொடங்கிய ஒருவரை மனதில் கொள்ளுங்கள். பயிற்சியும் போலியும் பெற்றிருந்தால் அவர் 36-க்கு வந்திருப்பார். அதாவது படி ஏறும்போது முனகல் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டும் சேர்த்துப் பெற்றிருந்தால் 28. இருபது வேலைகளில் சில இப்போது சிரமமில்லாத பக்கம் போயிருக்கும். சிகிச்சை நின்று நான்கு வாரம் கழித்து அவர் 31-இல் இருப்பார். கொஞ்சம் சரிவு, ஆனால் பழைய 40-க்குப் போகவில்லை. வலியும் அப்படியே: பன்னிரண்டாம் வாரத்தில், தொடக்கத்தோடு ஒப்பிட்டால் 43.6 சதவீதக் குறைவு இன்னும் மிச்சமிருந்தது.

இந்த எண்களில் என்னை நிறுத்தியது ஒன்று. வலி பாதியாகக் குறைந்தவர்களுக்கு முடக்கம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. வலி விலகினாலும் உடம்பு பழைய பயத்தோடேயே நடக்கிறது. குனிவதற்கு முன் கையால் மேசையைத் தேடுகிற பழக்கம் தைலத்தோடு கரைவதில்லை. செய்து செய்துதான் அது போகும். பயிற்சியின் இடம் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஆய்வில் குறையும் உண்டு. வலி குறைந்தபட்சம் பாதியாகக் குறைந்தவர்கள் ஒரு பிரிவில் 73 சதவீதம், மறுபிரிவில் பூஜ்யம் என்கிறது அறிக்கை. மனித உடம்பைப் பற்றிய ஆய்வில் சுத்தமான பூஜ்யத்தைக் கண்டால் நான் கொஞ்சம் புருவத்தைத் தூக்குவேன். கை வைக்கிறவருக்குத் தான் செய்வது அசலா போலியா என்று தெரியாமல் இருக்காது. அவர் பேச்சிலும் முகத்திலும் இருக்கும் நம்பிக்கைகூட நோயாளிக்கு மருந்தாகலாம். எண்பது பேர் என்பதும் சின்னக் கூட்டம். எனவே 53, 29 என்ற எண்களைப் பிடித்துத் தொங்க வேண்டாம், திசையை எடுத்துக்கொள்வோம்.

விட்டுப்போன கட்டங்கள்

பயிற்சிக்கு மேல் மசாஜைச் சேர்த்தால் பலன் கூடுகிறது என்றது கேரளம். தலைகீழாகக் கேட்டால்? மசாஜுக்கு மேல் பயிற்சியைச் சேர்த்தால் என்ன ஆகும்? சீனத்தில் 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று 92 பேரிடம் இதைப் பார்த்தது. ஒரு பிரிவுக்குச் சீன மரபு மசாஜ் மட்டும், இன்னொரு பிரிவுக்கு அதோடு வயிறு–முதுகுத் தசைகளுக்கான பயிற்சி. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சேர்த்துச் செய்தவர்களிடம் வலி திரும்புவது குறைவாக இருந்தது. மூன்றாம் நாள் திரும்பும் வலிக்காரர்கள் கவனிக்க வேண்டிய முடிவு.

மசாஜ் மட்டும், பயிற்சி மட்டும், இரண்டும், இரண்டுமில்லை என்ற நான்கு கட்டங்களையும் ஒரே பலகையில் வைத்தது கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, 2000-இல் வெளியானது. இங்கே வலி ஒரு வாரம் முதல் எட்டு மாதம்வரை ஆனது. முழுக்க நாள்பட்டது என்று சொல்ல முடியாது. 107 பேர் நான்கு பிரிவாக, ஒரு மாதத்தில் ஆறு அமர்வு. சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்து 'வலியே இல்லை' என்றவர்கள்: மசாஜ், பயிற்சி இரண்டும் பெற்றவர்களில் 63 சதவீதம், மசாஜ் மட்டும் பெற்றவர்களில் 27, பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 14, லேசர் என்று சொல்லிப் போலிக் கருவி காட்டப்பட்டவர்களில் பூஜ்யம்.

27-ஐயும் 14-ஐயும் கூட்டினால் 41. கிடைத்ததோ 63. அதிகப்படியான 22 எங்கிருந்து வந்தது? சேர்த்துப் பெற்றவர்களுக்கு ஒவ்வொரு அமர்வும் நீண்டது, சிகிச்சையாளரின் கவனமும் கூடுதல். அது ஒரு பகுதியை விளக்கலாம். மீதிக்கு என் விளக்கம் இது. மசாஜ் வலியைச் சில மணி நேரமோ சில நாளோ தணித்துவைக்கிறது. வலி தணிந்திருக்கும்போது உடம்பு பயப்படாமல் அசைகிறது. அந்த அசைவு பயிற்சியாக அமைந்தால் தசை தேறுகிறது, மூளை தன் எச்சரிக்கையைத் தளர்த்துகிறது. வலியோடு பயிற்சி செய்யச் சொன்னால் பாதிப்பேர் மூன்றாம் நாளே விட்டுவிடுவார்கள். தைலம் தேய்த்துவிட்டுத் தூங்கினால் திறந்த வழி பயன்படாமலேயே மூடிக்கொள்கிறது. எண்ணெய்க் குளியல் அன்று வெயிலில் போகாதே, வேலை செய்யாதே, படுத்துக்கொள் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதை ஏற்பதுதான் சிரமம்.

கச்சைத் தசையின் புகழ் கொஞ்சம் குறைந்தது

இங்கே ஒரு திருத்தம். கச்சைத் தசை, பின்னல் தசை என்று தனித்தனியாகக் குறிவைத்துச் செய்யும் பயிற்சிதான் உயர்ந்ததா? 2016-இல் 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் அமைப்பு, அவ்வகைப் பயிற்சி மற்ற உடற்பயிற்சிகளைவிட நீண்டகாலத்தில் குறிப்பிடத்தக்க அளவு மேலானதாகத் தெரியவில்லை என்றது. தொப்புளை உள்ளிழுத்துக்கொண்டே நட, உட்கார், பல் தேய் என்று உபதேசிப்பவர்களுக்கு இது ஏமாற்றம்தான். எல்லாத் தசைகளும் சேர்ந்தே முதுகைத் தாங்குகின்றன. நடைப்பயிற்சியோ யோகாசனமோ வயிற்றுப் பயிற்சியோ, எதை ஆறு மாதம் விடாமல் செய்வீர்களோ அதுவே உங்களுக்கு நல்லது. வயிற்றுப் பயிற்சியை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், அதற்குப் பாயளவு இடமும் கால் மணி நேரமும் போதும் என்பதுதான்.

எதை, எப்போது

பள்ளிக்கூட டிரில் வகுப்பில் செய்த சிட்–அப் வேண்டாம். கையைத் தலைக்குப் பின்னால் கோத்து முழுதாக எழுந்து உட்காரும்போது கீழ்முதுகின் மேல் ஏறும் அழுத்தம் 330 கிலோவுக்குச் சமம் என்று கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் கணக்கிட்டார்கள். அமெரிக்கத் தரைப்படைகூட 2022-இல் நடைமுறைக்கு வந்த தன் புதிய உடற்தகுதித் தேர்வில் சிட்–அப்பை விட்டுவிட்டுப் பலகைபோல் உடம்பை நேராக வைத்துத் தாங்கி நிற்கும் பயிற்சியை வைத்தது.

மெக்கில் பரிந்துரைப்பவை மூன்று. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பு வளைவுக்கு அடியில் கொடுத்து, தலையும் தோளும் தரையிலிருந்து சற்றே எழும்பும் அளவுக்குத் தூக்கிப் பத்து நொடிக்குள் இறக்குவது ஒன்று. வளைவு கையை நசுக்கக் கூடாது. நசுக்கினால் அளவுக்கு மீறித் தூக்குகிறீர்கள். ஒருக்களித்துப் படுத்து முழங்கையிலும் முட்டியிலும் ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது இரண்டாவது. கைகளையும் முட்டிகளையும் தரையில் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டி, பிறகு மாற்றிச் செய்வது மூன்றாவது. மூச்சை அடக்கக் கூடாது. செய்யும்போது வலி காலுக்குள் இறங்கினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலையில் மைதானத்தில் காலைத் தொடக் குனிகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்புகிறது. நாம் காலையில் மாலையைவிட ஏறத்தாழ ஒரு சதவீதம் உயரம். உப்பிய டிஸ்க்கைக் குனிந்து வளைத்தால், பகல் நேரத்தைவிட அதில் ஏறும் வளைவு அழுத்தம் மூன்று மடங்கு கூடுதல் என்று 1987-இல் ஓர் ஆய்வு கணித்தது. 1998-இல் ஸ்டோவர் ஸ்னூக் என்பவர் நாள்பட்ட வலிக்காரர்கள் 85 பேரை வைத்துப் பார்த்ததில், எழுந்த முதல் சில மணி நேரம் குனிவதைத் தவிர்த்ததாலேயே வலி குறைந்தது. ஆகவே எழுந்தவுடன் நடக்கலாம், குனிய வேண்டாம். நீவிவிடுவதையும் பயிற்சியையும் மாலைக்குத் தள்ளிவிடலாம். முதலில் பதினைந்து இருபது நிமிடம் வீட்டில் யாரையாவது தேய்த்துவிடச் சொல்லுங்கள். சியாட்டில் ஆய்வை நம்பினால் நுட்ப மசாஜ்தான் வேண்டும் என்பதில்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டு, சூடு ஆறுமுன் பாயை விரித்துவிடுங்கள். எட்டு வாரம் என்பது கேரளம் காட்டும் கெடு.

மருந்துக்கடையில் தொங்கும் இடுப்பு பெல்ட்டைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நாள்பட்ட முதுகு வலிக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி பயிற்சியையும் மசாஜையும் பரிந்துரைப் பட்டியலில் வைத்தது. பெல்ட்டையும் இடுப்பை இழுத்துக் கட்டும் டிராக்‌ஷனையும் வேண்டாத பட்டியலில் வைத்தது.

தேய்க்கக் கூடாத முதுகு

சில முதுகுகளில் கை வைக்கும் முன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் வலுவிழப்பது ஆகியவை வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மாலையில் காய்ச்சலும் எடைக் குறைவும் இரவில் தூங்கவிடாத முதுகு வலியும் சேர்ந்தால் நம் நாட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது முதுகெலும்புக் காசநோய். அரித்துப்போன எலும்பை அழுத்தி நீவினால் அது நொறுங்கித் தண்டுவடத்தை நசுக்கலாம். மாத்திரைகளால் குணமாகக்கூடிய நோய் அது. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். வயதான பெண்கள் குளியலறையில் லேசாக வழுக்கி உட்கார்ந்த பிறகு வரும் வலிக்கும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக வரும் வலிக்கும் இதே எச்சரிக்கைதான்: முதலில் எக்ஸ்ரே, பிறகு எண்ணெய்.